பத்து லட்சம் சுற்று: ஜாங்கோ டெஸ்ட்டுகள் வேகமான கதையும் அதற்குக் கொடுத்த விலையும்

நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பைத்தான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் சட்டகமான ஜாங்கோவின் பதிப்பு எண்ணை மட்டும் ஏற்றினோம். நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சை, அதாவது தேறின. ஆனால் ஓடி முடிய எடுத்த நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடியிருந்தது. கணினிதான் திணறுகிறதோ என்று இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தோம். அதே நேரம். மூன்றாம் முறை, நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலரைக் கட்டி ஓட்டினால், பட்டியலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது எங்கள் நிரல் அல்ல, தரவுத்தளமும் அல்ல. பிபிகேடிஎஃப்2.

பாஸ்வேர்டை அப்படியே சேமிக்காமல், திருப்பி எடுக்க முடியாத ஹாஷாக அரைத்து வைக்கிற முறை அது. வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டது. பயனர் டேபிள் மொத்தமும் ஒருவன் கையில் சிக்கினாலும், ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க அவன் அத்தனை சுற்றும் அரைத்தாக வேண்டும். 2012 மார்ச்சில் வந்த ஜாங்கோ 1.4 இல் இது 10,000 சுற்று. 2.0 இல் 1 லட்சம். 4.2 இல் 6 லட்சம். 5.1 இல் 8,70,000. 2025 ஏப்ரலில் வந்த 5.2 இல் 10 லட்சம். பதின்மூன்று ஆண்டில் நூறு மடங்கு. பாதுகாப்புக்கு நல்லதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எங்கள் பக்கம். நாங்கள் எழுதுவது கடைக்காரர்களுக்கான ஒரு பில்லிங் செயலி. அதில் பெரும்பாலான டெஸ்ட்டுகளின் செட்அப், அதாவது முன் ஏற்பாட்டுப் பகுதி, ஒரு பயனரை உருவாக்கும், அடுத்து அவரை லாகின் செய்ய வைக்கும். உருவாக்க ஒரு ஹாஷ், சரிபார்க்க இன்னொரு ஹாஷ். ஆக ஒரு டெஸ்ட்டுக்கு 20 லட்சம் சுற்று. டெஸ்ட் பார்க்க வந்ததோ 18 சதவீத ஜிஎஸ்டி சரியாகக் கூட்டப்படுகிறதா என்பதை.

இதற்கான மருந்து ஜாங்கோவின் ஆவணத்திலேயே இருக்கிறது. டெஸ்ட்டுக்கென்று தனி செட்டிங்ஸ் கோப்பு வைத்து, அதில் பாஸ்வேர்டை அரைக்கும் ஹாஷரை, பாதுகாப்பு குறைந்த ஆனால் வேகமான எம்டி5 என்று மாற்றிவிடலாம். இன்னும் நேரான வழி, லாகின் என்பதற்குப் பதில் ஃபோர்ஸ்லாகின். 1.9 இல் வந்த இந்த வசதி பாஸ்வேர்டையே பார்க்காமல் பயனரை உள்ளே விட்டுவிடும். நாங்கள் இரண்டையும் செய்தோம். அரைநாள் வேலை. அந்தப் புரொஃபைலர் பட்டியலில் பிபிகேடிஎஃப்2 அதன்பின் தலைகாட்டவில்லை.

ஆனால் அந்த அரைநாளில் ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தோம். எங்கள் டெஸ்ட்டுகள் இப்போது நிஜ ஹாஷரைத் தொடுவதே இல்லை. உற்பத்திச் சூழலில், அதாவது கடைக்காரர்கள் பயன்படுத்தும் நிஜ செயலியில், ஹாஷர் அமைப்பு உடைந்தாலும் டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும். அதைவிட மோசம், அந்த எம்டி5 வரி தவறுதலாக உற்பத்தி செட்டிங்ஸுக்குள் நுழைந்தாலும் எந்த டெஸ்ட்டும் கத்தாது. அதனால் பதிவுசெய்து லாகின் ஆகிற பாதைக்கு மட்டும், நிஜ ஹாஷரோடு, உற்பத்தி செட்டிங்ஸின் பட்டியலையே எடுத்து ஓடுகிற ஒரு டெஸ்ட்டை எழுதி வைத்தோம்.

ஜாங்கோ டெஸ்ட்டுகள் வேகமான வரலாறு முழுக்க இந்தக் கணக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது. மெதுவாக இருப்பது பெரும்பாலும் சோதிக்கப்படும் நிரல் அல்ல, அதற்கு முன்னால் நடக்கிற ஏற்பாடு. ஏற்பாட்டைக் குறைக்கிற ஒவ்வொரு முறையும் டெஸ்ட் அதுவரை நிரூபித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கழன்றுகொள்கிறது.

ஜாங்கோ பிறந்தது ஒரு பத்திரிகை அலுவலகத்தில். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் 2003 இல் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது. 2005 ஜூலையில் பொதுவில் வந்தது. டெஸ்ட் எழுதும் வசதி 2007 மார்ச்சில் வந்த 0.96 இல் சேர்ந்தபோது, இனி பயத்தைச் சலிப்பாக மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியீட்டுக் குறிப்பில் கேலியாக எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்ன சலிப்பு வேறு. எங்களுக்கு வாய்த்தது, ஓடவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிற சலிப்பு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தரவுத்தளத்தின் எல்லா டேபிள்களையும் கழுவித் துடைப்பார்கள். ஃபிளஷ் என்று பெயர். பிறகு ஜேசான் கோப்பிலிருந்து ஃபிக்ஸ்சர்கள் என்ற மாதிரித் தரவைப் படித்து மறுபடி நிரப்புவார்கள். ஒரு பில்லின் கூட்டுத்தொகையைப் பார்க்கிற டெஸ்ட்டும், முகவரியில் பின்கோடு ஆறு இலக்கமா என்று பார்க்கிற டெஸ்ட்டும் ஒரே கூலி கட்டும். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தி முடிந்ததும் இலையை எடுத்துவிட்டு அடுத்த இலை போடாமல், மண்டபத்தையே இடித்துக் கட்டுவது மாதிரி.

2009 ஜூலையில் வந்த 1.1 அதை மாற்றியது. டெஸ்ட்கேஸ் என்ற வகுப்பு (டெஸ்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் நிரல் தொகுதி) ஒவ்வொரு டெஸ்ட்டையும், தரவு மாற்றங்களை ஒரே கட்டாக நடத்தும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, முடிந்ததும் கமிட் செய்யாமல், அதாவது நிரந்தரமாக்காமல், ரோல்பேக் செய்து பழைய நிலைக்கே திருப்பிவிடும். எழுதியது எதுவும் எழுதப்படாததாகிவிடும், துடைக்க வேண்டிய வேலையே இல்லை. பல சமயங்களில் பத்து மடங்கு வரை வேகம் என்று வெளியீட்டுக் குறிப்பு சொன்னது. ஒரு வரிகூட மாற்றாமல் அன்று ஊரெல்லாம் டெஸ்ட்டுகள் வேகமாயின.

ஊரெல்லாம் என்று சொன்னதில் ஒரு திருத்தம். டிரான்சாக்‌ஷன் தெரிந்த தரவுத்தளத்துக்குத்தான் இந்த வரம். அன்றைக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் 5.1 பதிப்பில் தரவைச் சேமிக்கும் இயல்பு இன்ஜின் மையிசாம். அதற்கு ரோல்பேக் என்றால் என்னவென்றே தெரியாது. அது தெரிந்த இன்னோடிபி என்ற இன்ஜின் இயல்பாக ஆனது 5.5 இல்தான். அதுவரை மைஎஸ்கியூஎல்லை வைத்திருந்தவர்களில் பலர் பழைய கூலியையே கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரோல்பேக் எல்லாவற்றையும் பின்னோக்கிச் சுற்றும் என்று நினைத்தால் அங்கும் ஒரு ஓட்டை உண்டு. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளம் வரிசையாகக் கொடுக்கும் சீக்வென்ஸ் எண்கள் ரோல்பேக்கில் திரும்புவதில்லை. முதல் டெஸ்ட்டில் உருவான பில்லுக்கு எண் 1 கிடைத்தால், அது ரோல்பேக் ஆன பிறகும் அடுத்த டெஸ்ட்டின் பில்லுக்கு 2 தான். ஐடி 1 உள்ள பக்கத்தைத் திற என்று கையால் எழுதிவைத்த டெஸ்ட் தனியாக ஓடும்போது தேறும், கூட்டத்தோடு ஓடும்போது தோற்கும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது இதுவல்ல, கமிட்டே நடக்காது என்பதுதான். பில் சேமிக்கப்பட்ட பிறகு வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். பில் சேமிப்பு பாதியில் தோற்று எஸ்எம்எஸ் மட்டும் போய்விட்டால் கடைக்காரர் போனில் கூப்பிட்டுத் திட்டுவார். எனவே ஆன்கமிட்டில் அதைத் தொங்கவிட்டோம். 1.9 இல் வந்த வசதி அது, டிரான்சாக்‌ஷன் உண்மையிலேயே கமிட் ஆனால் மட்டும் கொடுத்த வேலையைச் செய்யும். உற்பத்தியில் அருமையாக ஓடியது. டெஸ்ட்டில் எஸ்எம்எஸ் போகவே இல்லை. போகாது. டெஸ்ட்கேஸின் வெளி டிரான்சாக்‌ஷன் ஒருநாளும் கமிட் ஆவதில்லை, ரோல்பேக்தான் ஆகிறது.

அப்போது குழுவில் ஒருவர் செய்தது எல்லோரும் செய்வதுதான். டெஸ்ட்கேஸ் என்பதை டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸ் என்று மாற்றினார், டெஸ்ட் தேறியது, பொது நிரலோடு மெர்ஜ் ஆனது. பெயரைப் பார்த்தால் இதுதான் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் இது டிரான்சாக்‌ஷனால் சுற்றாமல், ஒவ்வொரு டெஸ்ட்டின் முடிவிலும் டேபிள்களை ஃபிளஷ் செய்கிற பழைய 2007 ஆள். பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஒருவர் மாற்றியதைப் பார்த்து மற்றவர்களும் மாற்றினார்கள். ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, ஆன்கமிட்டைத் தொடாத டெஸ்ட்டுகள்கூட அந்த வகுப்பில் இருந்தன, பழைய கோப்பை நகலெடுத்துத் தொடங்கிய பாவத்துக்காக. ஃபிளஷின் செலவு டெஸ்ட் எவ்வளவு எழுதியது என்பதைப் பொறுத்ததல்ல, திட்டத்தில் எத்தனை டேபிள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. செயலி வளர வளர அந்த டெஸ்ட்டுகள் தாமாகவே மெதுவாகிக்கொண்டே வரும்.

3.2 வந்த பிறகுதான் இதிலிருந்து மீண்டோம். கேப்சர்ஆன்கமிட்கால்பேக்ஸ் என்று நீளமான பெயரில் ஒரு கருவி அதில் வந்தது. ஆன்கமிட்டில் தொங்குகிற வேலைகளைப் பிடித்து, கேட்டால் ஓட்டியும் காட்டும், கமிட் இல்லாமலே. டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸ் வகுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எதற்காக இங்கே இருக்கிறாய் என்று விசாரித்துத் திருப்பி அனுப்பினோம். கடைசியில் அங்கே தங்க நியாயம் இருந்தது கைவிரலுக்குள் அடங்குகிறவைதான். அவற்றில் ஒன்று, இரண்டு காசாளர்கள் ஒரே நொடியில் பில் போட்டால் பில் எண் இரட்டிக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் அடைபட்டுக்கொண்டு அதைச் சோதிக்க முடியாது.

அடுத்த பெரிய பாய்ச்சல் 2015 ஏப்ரலில் வந்த 1.8. இதுவரை ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு டிரான்சாக்‌ஷன். இனி வகுப்புக்கு ஒன்று, அதற்குள் டெஸ்ட்டுக்கு ஒரு சேவ்பாயிண்ட், திரும்பி வருவதற்கான ஒரு குறி. வகுப்பு தொடங்கும்போது ஒருமுறை தரவை நிரப்பு, ஒவ்வொரு டெஸ்ட்டும் முடிந்தால் சேவ்பாயிண்ட் வரைக்கும் மட்டும் திரும்பு. இதற்காக வந்தது செட்அப்டெஸ்ட்டேட்டா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 30 டெஸ்ட். ஒவ்வொன்றுக்கும் முன் செட்அப் 12 பதிவுகளை எழுதுகிறது. மொத்தம் 360 முறை எழுதுகிறோம். அதே நிரலை செட்அப்டெஸ்ட்டேட்டாவுக்கு நகர்த்தினால் 12. நிரல் அதே, இடம் மட்டும் நான்கு வரி மேலே. நான் பார்த்ததில் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தருகிற மாற்றம் வேறில்லை. எங்கள் திட்டத்தில் மெதுவான வகுப்புகளை மேலிருந்து எடுத்து இதை ஒரு வாரம் செய்தோம்.

அந்த வாரத்தின் வியாழக்கிழமை ஒரு வேடிக்கை. எங்களிடம் அப்போது இருந்தது 3.2க்கு முந்தைய பதிப்பு. ஒரு வகுப்பில் வாடிக்கையாளர் ஒருவரைப் பொதுவாக உருவாக்கி வைத்திருந்தோம், கடன் வரம்பு 50,000 ரூபாய். இரண்டு டெஸ்ட். ஒன்று சாதாரணமாக பில் விழுகிறதா என்று பார்க்கும். இன்னொன்று அவருடைய கடன் வரம்பை 0 ஆக்கிச் சேமித்து, பில் மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும். இரண்டும் தேறின. சக ஊழியர் முதல் டெஸ்ட்டின் பெயர் தெளிவாக இல்லையென்று டெஸ்ட்_பில் என்பதை டெஸ்ட்_நார்மல்_பில் என்று மாற்றினார். உள்ளே ஒரு எழுத்தும் மாற்றவில்லை. தோற்றது.

பைத்தானின் யூனிட்டெஸ்ட் என்ற டெஸ்ட் நூலகம் ஒரு வகுப்புக்குள் டெஸ்ட்டுகளை ஆங்கில அகரவரிசையில் ஓட்டும். டெஸ்ட்_ என்பதற்குப் பிறகு பழைய பெயர் பி எழுத்தில் தொடங்கியதால், கடன் வரம்பைப் பார்க்கும் கிரெடிட் டெஸ்ட்டுக்கு முன்னால் ஓடியது. புதிய பெயர் என் (N) எழுத்தில் தொடங்கியதால் பின்னால் போனது. கிரெடிட் டெஸ்ட் 0 என்று எழுதியதை தரவுத்தளம் ரோல்பேக்கில் 50,000க்குத் திருப்பிவிட்டது, சரி. ஆனால் பைத்தான் நினைவகத்தில் இருக்கிற அந்த வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட்டை யார் திருப்புவது? டேபிளில் 50,000, கையில் 0. பில் போடும் ஃபங்ஷனுக்கு நாங்கள் கையில் இருப்பதைத்தான் கொடுத்தோம். அது சரியாகவே மறுத்தது.

அன்றைக்கு ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன் தரவுத்தளத்திலிருந்து ஆப்ஜெக்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளும் வரியைச் சேர்த்துத் தப்பித்தோம். 2021 ஏப்ரலில் வந்த 3.2 இதை ஜாங்கோவுக்குள்ளேயே தீர்த்தது. வகுப்பில் வைத்த ஆப்ஜெக்ட்டை ஒவ்வொரு டெஸ்ட்டும் தொடும்போது அதற்கென்று ஒரு ஆழ்நகல் கிடைக்கும். 1.8க்கும் 3.2க்கும் இடையே ஆறு ஆண்டு. அந்த ஆறு ஆண்டும் உலகெங்கும் எத்தனை பேர் அகரவரிசையோடு மல்லுக்கட்டினார்களோ.

செட்அப்டெஸ்ட்டேட்டாவுக்கு நகர்த்தியும் சில வகுப்புகள் அசையவில்லை. அங்கே குற்றவாளி, டெஸ்ட்டுக்கு மாதிரிப் பதிவுகளை உருவாக்கித் தரும் ஃபேக்டரி. ஃபேக்டரிபாய் என்ற நூலகத்தில் பில் வரி ஒன்றை உருவாக்கு என்றால், அது ஒரு பில்லை உருவாக்கும், பில் ஒரு வாடிக்கையாளரை, வாடிக்கையாளர் ஒரு கடையை. ஒரு வரி கேட்டால் நான்கு பதிவு. மூன்று வரி கேட்டால் பன்னிரண்டு, மூன்று வெவ்வேறு கடைகளில் மூன்று வெவ்வேறு பில்களின் மூன்று வரிகள். நமக்கு வேண்டியதோ ஒரு பில்லின் மூன்று வரி, மொத்தம் ஆறு பதிவு. டெஸ்ட்டின் கூட்டல் தற்செயலாகச் சரியாக வருவதால் யாரும் கவனிப்பதில்லை. மேலே உள்ளதை ஒருமுறை உருவாக்கிக் கீழே கையில் கொடுத்தால் போதும். கூட்டலை மட்டும் பார்க்கிற டெஸ்ட்டாக இருந்தால் சேமிக்கவே வேண்டாம், நினைவகத்தில் உருவாக்கினால் போதும். அத்தகையவற்றை சிம்பிள்டெஸ்ட்கேஸுக்கு மாற்றினோம். 1.9 முதல் அந்த வகுப்பு, சொல்லி அனுமதி வாங்காமல் தரவுத்தளத்தைத் தொட்டால் டெஸ்ட்டைத் தோற்கடித்துவிடும், எனவே பின்னாளில் யாராவது தெரியாமல் சேமித்தால் உடனே மாட்டிக்கொள்வார்கள்.

இதுவரை சொன்னது டெஸ்ட் ஓடும் நேரம். ஆனால் நாள் முழுக்க நிரல் எழுதுகிறவரை உறுத்துவது, ஒரே ஒரு டெஸ்ட்டை ஓட்டினாலும் முதல் புள்ளி திரையில் விழுவதற்கு முன்னால் காத்திருக்கிற நேரம். 2014 செப்டம்பரில் வந்த 1.7, தரவுத்தளத்தின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் மைக்ரேஷன்களை ஜாங்கோவுக்குள் கொண்டுவந்தது. அதோடு டெஸ்ட் தரவுத்தளம் உருவாகும்போது திட்டத்தின் முதல் நாளிலிருந்து எழுதப்பட்ட மைக்ரேஷன் அத்தனையும் வரிசையாக ஓடத் தொடங்கின. என்றோ சேர்த்து, பின்பு பெயர் மாற்றி, அதற்கும் பின்பு நீக்கிய ஒரு நெடுவரிசையை ஒவ்வொரு ஓட்டத்திலும் சேர்த்து, மாற்றி, நீக்குவோம். செயலி பழசாக ஆக வாசலில் நிற்கும் நேரமும் நீளும்.

1.8 இல் வந்த கீப்டிபி இதற்கு விடை. ஓட்டம் முடிந்ததும் டெஸ்ட் தரவுத்தளத்தை அழிக்காதே, அடுத்த முறை புதிதாக வந்த மைக்ரேஷனை மட்டும் ஓட்டு. நான் இதைப் பழக்கமாக்கிக்கொண்ட இரண்டாம் வாரம், காலையில் நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளைக்குத் திரும்பி டெஸ்ட்டை ஓட்டினால் வாடிக்கையாளரைச் சேமிக்கிற ஒவ்வொரு டெஸ்ட்டும் இன்டெக்ரிட்டிஎரர். முந்தின நாள் இன்னொரு கிளையில் வாடிக்கையாளர் டேபிளில் காலியாக விடக்கூடாத ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும் மைக்ரேஷனை எழுதியிருந்தேன். வைத்துக்கொண்ட தரவுத்தளத்தில் அது அப்படியே இருந்தது. மெயின் கிளையின் நிரலுக்கு அப்படியொரு நெடுவரிசை இருப்பதே தெரியாது. எனவே காலியாக விட்டது, போஸ்ட்கிரஸ் மறுத்தது. காரணம் புரிய ஒரு மணி நேரம் ஆனது. கீப்டிபி அதுவரை மிச்சம் பிடித்துக் கொடுத்ததையெல்லாம் அந்த ஒரு மணியில் வட்டியோடு எடுத்துக்கொண்டது. இப்போது கிளை மாறினால் தரவுத்தளத்தின் பெயரும் மாறும்படி வைத்திருக்கிறேன்.

மைக்ரேஷன்களையே ஓட்டாமல், தரவின் வடிவத்தைச் சொல்லும் மாடல்களிலிருந்து நேரடியாக டேபிள்களை உருவாக்கவும் முடியும். 3.1 முதல் அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. அதை என் கணினியில் வைத்துக்கொள்கிறேன், எல்லோருடைய மாற்றங்களையும் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வரில் வைப்பதில்லை. உற்பத்தியில் ஓடப்போவது மைக்ரேஷன்தானே, அதை எங்காவது ஒரு இடத்திலாவது முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டாமா?

தரவுத்தளத்தையே மாற்றிவிடலாம் என்ற யோசனை எல்லாக் குழுவிலும் ஒருநாள் வரும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் நினைவகத்தில் ஓடும், நிறுவ வேண்டாம், வேகம். எங்களிடமும் வந்தது, நான்தான் தடுத்தேன். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் நெடுவரிசையின் நீளமும் 16. கிளைக் குறியீட்டை முன்னால் ஒட்டப்போய் 17 ஆகிற ஒரு பிழையை போஸ்ட்கிரஸ் உடனே மறுத்துக் காட்டியது. எஸ்கியூலைட் அந்த நீள வரம்பைக் கண்டுகொள்ளாது, வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளும். பில் எண் இரட்டிக்காமலிருக்க நாங்கள் போட்ட செலக்ட்ஃபார்அப்டேட் பூட்டும் எஸ்கியூலைட்டில் செல்லாது, சத்தம் போடாமல் புறக்கணிக்கப்படும். வேகம் வேண்டுமென்றால் போஸ்ட்கிரஸையே டெஸ்ட்டுக்கு ஏற்றபடி தளர்த்தலாம். தரவு வட்டில் பத்திரமாக எழுதப்படுவதை உறுதிசெய்யும் எஃப்சிங்க்கையும் ஃபுல்பேஜ்ரைட்ஸையும் அணைத்து, தரவை ரேம் வட்டில் வைத்தால் போதும். மின்சாரம் போனால் தரவு போய்விடும். டெஸ்ட் தரவுதானே, போகட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான், டெஸ்ட்டுகளைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் பேரலல் பக்கம் போனோம், அந்த வரிசையில் எனக்கு வருத்தமில்லை. முதலிலேயே போயிருந்தால் கணினியின் எட்டு கோர்களிலும் பாஸ்வேர்டைத்தான் அரைத்துக்கொண்டிருந்திருப்போம். 2015 டிசம்பரில் வந்த 1.9 இல் பேரலல் சேர்ந்தது. கோருக்கு ஒரு புராசஸ், புராசஸுக்கு ஒரு தரவுத்தளம். போஸ்ட்கிரஸில் முதல் டெஸ்ட் தரவுத்தளத்தை வார்ப்பாக வைத்து நகலெடுக்கும், மைஎஸ்கியூஎல்லில் டம்ப் எடுத்து ஏற்றும். மைக்ரேஷன் செலவு ஒருமுறைதான்.

மேக் வைத்திருந்த நண்பர்களுக்கு இது இடையில் சில காலம் கைவிட்டுப் போனது. 2019 அக்டோபரில் வந்த பைத்தான் 3.8 மேக்கில் புராசஸ் தொடங்கும் முறையை ஃபோர்க்கிலிருந்து (இருப்பதை நகலெடுப்பது) ஸ்பானுக்கு (புதிதாகத் தொடங்குவது) மாற்றியது, ஜாங்கோவின் பேரலலோ ஃபோர்க்கை நம்பி எழுதப்பட்டது. 2022 ஆகஸ்டில் வந்த 4.1 தான் ஸ்பானையும் கற்றுக்கொண்டது.

எங்கள் முதல் பேரலல் ஓட்டம் சிவப்பு. இரண்டாவது பச்சை. மூன்றாவது மறுபடி சிவப்பு, ஆனால் வேறு டெஸ்ட். தரவுத்தளத்தைப் பிரித்துக் கொடுத்த ஜாங்கோ, கேஷுக்காக, அதாவது தற்காலிகச் சேமிப்புக்காக, நாங்கள் வைத்திருந்த ரெடிஸைப் பிரிக்கவில்லை. அது தன் வேலையல்ல என்று ஆவணத்திலேயே எச்சரித்திருந்தது, நாங்கள் படிக்கவில்லை. எங்கள் செட்அப் ஒன்றில் கேஷ் முழுவதையும் துடைக்கிற வரி இருந்தது. ஒரு புராசஸ் தன் டெஸ்ட்டுக்காகத் துடைக்கும்போது பக்கத்துப் புராசஸ் பாதிக் கணக்கில் வைத்திருந்த விலைப்பட்டியலும் சேர்ந்து போனது. டெஸ்ட்டில் மட்டும் புராசஸின் நினைவகத்துக்குள்ளேயே இருக்கும் லோக்கல்மெமரி கேஷுக்கு மாறினோம். பில் பிடிஎஃப்களை எழுதும் டெஸ்ட்டுகளுக்குத் தற்காலிக அடைவு கொடுத்தோம். அதற்குள் இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளில் பாதி, டெஸ்ட் எந்த வரியில் தோற்றது என்று காட்டும் டிரேஸ்பேக்கே சரியாக வராததால் போனது. பேரலலில் அது தெரிய டிபிலிப் என்ற சிறு நூலகம் வேண்டும், முதலிலேயே நிறுவிக்கொள்ளுங்கள்.

அப்படியும் எட்டு கோருக்கு எட்டு மடங்கு வரவில்லை. ஏழு புராசஸ் முடித்துக் கைகட்டி நிற்க, எட்டாவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜாங்கோ வேலையைப் பங்கிடுவது வகுப்பு வாரியாக, டெஸ்ட் வாரியாக அல்ல. எங்கள் அறிக்கைகள் வகுப்பு எல்லா அறிக்கை டெஸ்ட்டையும் ஒரே வீட்டில் வைத்திருந்த கூட்டுக் குடும்பம். அதைத் தினசரி, மாதாந்திரம், வரி என்று மூன்றாகப் பிரித்ததும் கடைசியில் தனியாக ஓடிக்கொண்டிருந்த அந்த வால் அறுந்தது. செட்அப்டெஸ்ட்டேட்டா பெரிய வகுப்பை விரும்பும், பேரலல் சிறிய வகுப்பை விரும்பும். இரண்டுக்கும் நடுவில் எங்கே வெட்டுவது என்பதற்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை, அளந்துதான் வெட்டினோம். அளக்க இப்போது 5.0 இல் வந்த டியூரேஷன்ஸ் தெரிவே போதும். பைத்தான் 3.12 இருந்தால் மெதுவான டெஸ்ட்டுகளைப் பட்டியலிட்டுத் தரும்.

பிரவுசர் டெஸ்ட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவை ஓடுகிற லைவ்சர்வர்டெஸ்ட்கேஸ் டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸின் பிள்ளை, எனவே ஃபிளஷ் செலவை அப்பனிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறது. அதன் மேல் பிரவுசர் வேறு. மூன்று நொடி தூங்கு என்று எழுதியிருந்த இடங்களை, பொத்தான் தெரியும் வரை காத்திரு என்று மாற்றினோம். பிறகு பாதியை அழித்தோம், அவை சோதித்தது பிரவுசர் இல்லாத சாதாரண கிளையன்ட் டெஸ்ட்டில் ஏற்கெனவே இருந்தது.

இவ்வளவு குறுக்குவழிகளையும் அடுக்கிய பின் சிஐயில் இரவுக்கு ஒரு ஓட்டம் வைத்திருக்கிறோம். அதில் கீப்டிபி கிடையாது, மைக்ரேஷன் எல்லாம் ஓடும், எஃப்சிங்க் அணைக்கப்படாது, 4.0 இல் வந்த ஷஃபிள் மட்டும் உண்டு. அது டெஸ்ட்டுகளின் வரிசையைக் கலைத்து, எந்த விதை எண்ணில் கலைத்தது என்பதையும் அச்சிடும். தோற்றால் அதே எண்ணைக் கொடுத்து அதே வரிசையில் திரும்ப ஓட்டலாம். முதல் மாதத்தில் அது பிடித்துக் கொடுத்தவை, பக்கத்து டெஸ்ட் விட்டுச்சென்றதைத் தின்று வாழ்ந்த டெஸ்ட்டுகள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் டியூரேஷன்ஸ் பட்டியலைக் காட்டிக் கேட்டாள், "அண்ணா, இந்த லாகின் டெஸ்ட் ஒண்ணுதான் எப்பவும் மேலயே நிக்குது. மத்ததுக்கெல்லாம் எம்டி5 இருக்கு, இதுக்கு மட்டும் விட்டுப்போச்சு போல. சேர்த்துடட்டுமா?"

"விட்டுப்போகல. அது நிக்கட்டும்மா."

அன்று மாலை அந்த டெஸ்ட்டின் தலைக்கு மேல், ஏன் மெதுவாக இருக்கிறது என்று இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைத்தாள். அதை நான் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.